கைடு புத்தகத்தில் இல்லாத ஊர்

விசா வந்த சந்தோஷத்தில் சண்முகராஜா வீட்டில் கேசரி கிண்டியது போன வாரம்தான். அந்த நெய் வாசம் சமையலறையை விட்டுப் போவதற்குள் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் என்று யார் கண்டார்கள்!

ஹட்டன் பஜாரில் கீழே துணிக்கடை, மேலே வீடு. மேல்மாடிச் சாப்பாட்டு மேசையில் கைடு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அழகம்மை. மகள் கேஷிகா கொழும்பிலிருந்து வாங்கி வந்த புத்தகம். தலையணை தடிமன். ஐரோப்பா முழுவதும் இதற்குள் இருக்கிறது என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். அந்தக் காலத்துச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டி, மாதக்கணக்கில் அதைப் படித்து முடித்திருந்தாள்.

பயணம் என்றால் அழகம்மைக்குத் தெரிந்தது கதிர்காமம்தான். வேன், அண்டா, மண்ணெண்ணெய் அடுப்பு, கட்டுச்சோறு. அதே முறையில்தான் ஐரோப்பாவுக்கும் திட்டம் போட்டாள். பாரிசில் ஜேப்படிக்காரர்கள் ஜாஸ்தி என்று புத்தகம் எச்சரித்த அன்றைக்கே கணவருடைய பெனியன்களில் உள்பை தைத்துவிட்டாள். சாமான்களைக் குறையுங்கள், குறையுங்கள் என்று புத்தகம் கெஞ்சிய பக்கத்தை மட்டும் கண்டும் காணாமல் புரட்டிவிட்டு, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன ரைஸ் குக்கர் என்று பெட்டியை நிரப்பினாள். வெறும் பாண் ரொட்டியைத் தின்று மனுஷன் எத்தனை நாள் உயிர் வாழ்வது?

கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிதான் அவளுக்குப் பக்க அடையாளம். பாரிசுக்கு நீலச் சுங்குடி, லூசர்னுக்குப் பச்சை, ரோமுக்குச் சிவப்பு பொப்லின். ஒரே ஓர் ஊருக்கு மட்டும் துணி வைக்கப் பக்கம் இல்லை.

சான்ரோக்கோ.

வெரோனாவுக்கும் வெனிசுக்கும் நடுவில் எங்கோ இருக்கிற சின்ன ஊர். பார்ப்பதற்கு அங்கே கோபுரமும் இல்லை, கோட்டையும் இல்லை என்பதால் புத்தகக்காரர்கள் அதைச் சீந்தவில்லை. ஆனால் அழகம்மைக்கு ஐரோப்பா என்றாலே அதுதான். அங்கேதான் அவளுடைய மகன் விஜேந்திரன் இருக்கிறான். மருமகள் சுலக்ஷனா இருக்கிறாள். போனில் மட்டுமே பார்த்த பேத்தி இருக்கிறாள்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு விஜேந்திரன் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற குடும்பத்துப் பெண் சுலக்ஷனா. ஹட்டனில் நர்சரி டீச்சராக இருந்தாள். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான் விஜேந்திரன். கூலிகள் குடியிருக்கிற லயத்துப் பெண் என் வீட்டுப் படி ஏறுவதா என்று குதித்தார் சண்முகராஜா. பையன் அவளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து அவன் பெயரை வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கேஷிகாதான் அண்ணனோடு இரகசியமாகப் பேசி, அம்மாவுக்கும் அவ்வப்போது போனைக் காட்டுவாள்.

இந்த வருஷம் சண்முகராஜாவுக்கு அறுபது முடிகிறது. மணிவிழா வைத்தால் மகன் எங்கே என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான், "விழா கிழா ஒண்ணும் வேணாம், எங்கயாச்சும் தூரமாப் போய்ட்டு வருவோம்" என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் அழகம்மை. எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லையே!

"சான்ரோக்கோவுல ரயில் மாறணுமாங்க. ஒரு ராத்திரி தங்கித்தான் போகணுமாம்" என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தாள். பொய்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய். அவரும் தலையாட்டிவிட்டார். ரயில் நின்று, மேடையில் பேத்தி நின்றால், எந்தத் தாத்தாவுக்கு முகத்தைத் திருப்ப மனசு வரும்? இதுதான் அவளுடைய திட்டம் முழுவதும். ஐந்து நாட்டைச் சுற்றுவது அந்த ஒரு மேடையில் போய் இறங்குவதற்காக.

புதன்கிழமை விமானம்.

ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. கோயில் கூரை வேலையால் மாரியம்மன் திருவிழா இந்த வருஷம் தள்ளிப்போய், சரியாகப் பயண நாட்களில் வந்து விழுந்திருந்தது. பஞ்சாங்கம் பார்த்து வைக்க வேண்டிய தேதியைக் கைடு புத்தகம் பார்த்து வைத்தால் அப்படித்தான். ஆனாலும் அவள் கவலைப்படவில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது மரக்கறிக் கடை ஆண்டியப்பன். வருஷா வருஷம் அவர்தான். காப்புக் கட்டியவர்தான் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக்கூடாது. மற்றவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டுப் பூசைக்குப் போன சண்முகராஜா திரும்பி வந்துவிட்டார்.

"என்னங்க, பிரசாதம் குடுங்க" என்று கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிரசாதத்தை நீட்டிய அவருடைய வலது மணிக்கட்டில் புத்தம் புது மஞ்சள் கயிறு. நடுவில் முடிந்த மஞ்சள் துண்டு. ஈரம்கூடக் காயவில்லை.

"இது என்னங்க?"

"காப்பு."

"காப்புன்னு எனக்கும் தெரியுது. உங்க கையில எப்படி வந்துச்சு?"

சண்முகராஜா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதில் ரொம்பக் கவனமாக இருந்தார்.

"ஆண்டியப்பன் வீட்டுல தீட்டு. தலவாக்கலையில அவங்க சித்தப்பா தவறிட்டாராம். ஐயரு கயித்தோட நிக்கிறாரு, கட்டுறதுக்கு ஆளில்ல. அம்மனக் காக்க வைக்க முடியுமா? கைய நீட்டிட்டேன்."

உள்ளேயிருந்து ஓடி வந்த கேஷிகா, "அப்பா! புதன்கிழமை பிளைட்டுப்பா!" என்று கத்தியேவிட்டாள்.

"அதுக்கென்ன? நீயும் அம்மாவும் போய்ட்டு வாங்க." கண்டிக்குப் போய்வரச் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

அழகம்மை நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். உள்பை தைத்த பெனியன்கள் எதிரே பெட்டியில் அடுக்கியபடி இருந்தன. கட்டின காப்பைத் திருவிழா முடியாமல் அவிழ்க்க முடியாது. அவிழ்க்கச் சொல்ல அவளுக்கு நாக்கும் வராது. அம்மன் விஷயம்.

அந்த அதிர்ச்சிக்கு நடுவிலும் ஒரு நினைப்பு வந்தது. இவர் வராவிட்டால் பொய்யும் வேண்டாம், பயமும் வேண்டாம். மகன் வீட்டில் ஒரு ராத்திரி என்ன, ஒரு வாரமே இருக்கலாம். அப்படி நினைத்த மறு நிமிஷமே வெட்கமாகப் போய்விட்டது. சே, அறுபது வயது மனுஷன் ஆசையாய்ப் பெட்டி கட்டிவிட்டு இப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறார், நான் என்ன நினைக்கிறேன்!

கேஷிகா அம்மாவையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. பயணம் கெட்டுப்போன கவலை என்று அழகம்மை நினைத்துக்கொண்டாள்.

சண்முகராஜா கடையைத் திறக்க இறங்கிப் போனார். அழகம்மை தலையிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்தடியில் வைத்தாள். சாயம் மங்கிய ஒரு சேலையை உடுத்திக்கொண்டாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றாள் கேஷிகா.

"ஆண்டியப்பன் வீட்டுக்கு. அவங்க தலவாக்கலைக்குக் கெளம்பறதுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

"அம்மா, இப்பப் போகாதீங்க..."

"நல்லா இருக்கே! பஜார்ல ஒரு வீட்டுல துக்கம்னா போகாம இருக்க முடியுமா?"

* * *

மரக்கறிக் கடையில் லீக்சும் கரட்டும் மலையாகக் குவிந்திருந்தன. துக்க வீட்டுக்காரர் தராசடியில் நின்று யாரோடோ சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அழகம்மைக்கு ஒரு மாதிரி இருந்தது. சில பேருக்குத் துக்கம் அப்படித்தான், உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி கிட்டே போனாள்.

"தம்பி, கேள்விப்பட்டேன். எப்படித் தவறினாரு?"

"யாரு அண்ணி?"

"தலவாக்கலை சித்தப்பா."

ஆண்டியப்பனின் கையிலிருந்த கரட் தராசில் விழுந்தது.

"ஐயையோ, நல்லா இருக்கிற மனுசன் அண்ணி! நேத்துக்கூட கோழிப் புரியாணி தின்னேன்னு போன்ல சொன்னாரே! யாரு இந்தக் கதையக் கட்டிவிட்டது?"

கட்டிவிட்டவர் பெயரைச் சொல்ல அழகம்மைக்கு வாய் வரவில்லை. பக்கத்திலிருந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப காப்பு ஏன் நீங்க கட்டல தம்பி?"

"அதுவா? அண்ணன்தான் கேட்டு வாங்கிக்கிட்டாரு. முந்தாநாளு கடைக்கே வந்தாரு. என் கையப் புடிச்சிக்கிட்டு, 'ஆண்டியப்பா, இந்த வருஷம் காப்ப எனக்கு விட்டுக்குடு'ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. என்ன வேண்டுதலோ, நான் கேக்கல. அம்மன்கிட்ட கையேந்துறவரை யாரு தடுக்கிறது?"

அழகம்மை மூட்டையை விடாமல் நிற்பதைப் பார்த்து, காப்பின் கடுமையை நினைத்துப் பயப்படுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க அண்ணி. கவிச்சி கூடாது, ராத்திரி எல்லைக்கு வெளிய தங்கக்கூடாது, அம்புட்டுத்தான். பகல்ல எங்க வேணும்னாலும் போய்ட்டு வரலாம். போன வருஷம் நான் காப்போட நுவரெலியாவுக்குப் போயி மரக்கறி ஏத்திக்கிட்டு, வெளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிட்டேன்."

நாலும் யோசிக்கிற வியாபாரி சண்முகராஜா. ஆனால் ஒரு பொய்க்கு ஒரு சாவைச் சேர்த்தால், பெண்டாட்டி துக்கம் கேட்கப் புறப்படுவாள் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடைய புளுகு மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை.

அழகம்மை எப்படி வீட்டுக்கு நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடை வாசலைக் கடக்கும்போது உள்ளே பார்க்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டாராம். என்னோடு வரப் பிடிக்கவில்லையா? முப்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவர், வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? அம்மனைப் போய் இழுக்க வேண்டுமா?

* * *

கேஷிகா திறந்த பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள் அழகம்மை. "சொல்லு."

"அப்பா சத்தியம் வாங்கிக்கிட்டாரும்மா."

"சத்தியமெல்லாம் என் தலையில போகட்டும். சொல்லு."

கேஷிகா மூக்கை உறிஞ்சினாள். "போன பௌர்ணமி போயா அன்னிக்கு நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. அப்பா கைடு புத்தகத்த எடுத்து ஒவ்வொரு ஊராப் பாத்துக்கிட்டு இருந்தாரு. எல்லா ஊரும் இருக்கு, இந்த ரயில் மாறுற ஊர மட்டும் காணோமேன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. என் மூஞ்சியப் பாத்தாரு. 'அவன் அங்கயா இருக்கான்'னு கேட்டாரு."

அழகம்மை ஓரடி கிட்டே வந்தாள்.

"கோவப்பட்டாரா?"

"இல்லம்மா. போன் போட்டுக் குடுன்னாரு."

"என்னது?"

"அண்ணனோட பேசணும், போன் போட்டுக் குடுன்னாரு. குடுத்தேன்."

அழகம்மை சுவரோடு சாய்ந்தாள். எத்தனை விரதம், எத்தனை நேர்த்திக்கடன், எத்தனை தேங்காய் இந்த ஒன்றுக்காக உடைத்திருப்பாள்! அது நடந்திருக்கிறது. அவள் இல்லாத நேரத்தில் நடந்திருக்கிறது. அவளிடம் சொல்லவுமில்லை.

"'நாங்க வர்றோம்ப்பா, ஒன் ஊருக்கும் வர்றோம்'னாரு. அவரு கொரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லம்மா. அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். அப்புறம்..."

"அப்புறம்?"

"'அம்மாவும் தங்கச்சியும் எப்ப வேணும்னாலும் வரட்டும். நீங்க வரணும்னா, மொதல்ல பொகவந்தலாவைக்குப் போங்க. என் மாமனார் வாசல்ல போய் நில்லுங்க. அவரு உள்ள வாங்கன்னு சொன்னா எங்க வீட்டுக் கதவும் தொறந்திருக்கும்'னு சொல்லிட்டான்."

மகனா? விஜேந்திரனா? தகப்பனைப் பார்த்தா அப்படிச் சொன்னான்? அழகம்மைக்கு மகன் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இவரு போய் நிக்கணும்? பொண்ணக் குடுக்கறவங்க அவங்கதானே? ஒரு வெத்தலை பாக்கோட ஒரு எட்டு வந்து பாத்தாங்களா? முறை தெரியாத சனத்துக்கு இவ்வளவு..."

"வந்தாங்கம்மா."

அழகம்மை நிறுத்தினாள்.

"அண்ணியோட அப்பா இராமையா மாமாவும் அத்தையும் தட்டோட வந்தாங்களாம்மா. நீங்க கதிர்காமம் போயிருந்த நேரம். நல்ல மழையாம், கடை சாத்துற நேரமாம், பஜார்ல சனமே இல்லையாம். அண்ணன் கொழும்புலேர்ந்து வந்து எறங்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சாம். அப்பா உக்காருங்கன்னுகூடச் சொல்லல. கடை ஆளக் கூப்பிட்டு, அந்தத் தட்டக் கொண்டுபோய் ரோட்டுல வைன்னாராம். அவங்க ரெண்டு பேரும் மழையில குனிஞ்சு உருண்டு கெடந்த பழத்தையும் தேங்காயையும் பொறுக்கிக்கிட்டுப் போனாங்களாம்."



கணவர் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அழகம்மைக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன பொங்கலுக்குப் போனில் மருமகளிடம் பேசும்போது, சும்மா இருக்க மாட்டாமல் சொல்லியிருந்தாள்: "உங்கப்பா அம்மா அன்னிக்கு முறையா ஒரு தட்டோட வந்திருந்தா இவ்வளவு வந்திருக்காதும்மா." சுலக்ஷனா "சரிங்க மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேத்தியிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

சரிங்க மாமி என்றாளே! எல்லாம் தெரிந்திருந்தும் சரிங்க மாமி என்றாளே!

* * *

கடையில் அந்த நேரத்துக்கு ஆளில்லை. மழை வரப்போகிற இருட்டு. சண்முகராஜா ஒரு சீத்தைத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆண்டியப்பன் சித்தப்பா நல்லா இருக்காராம்" என்றாள் அழகம்மை. "புரியாணி சாப்பிட்டாராம்."

சுருட்டிய கை நின்றது.

"தட்ட எந்த இடத்துல வைக்கச் சொன்னீங்க?"

அவருடைய கண் தானாகப் போய்க் காட்டிக்கொடுத்தது. வாசல் படிக்கு அப்பால், தூணுக்கும் சாக்கடைக்கும் நடுவில். அழகம்மை விடிந்து எழுந்து தினமும் கோலம் போடுகிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி.

"புதன்கிழமை பயணத்துக்குப் பயந்து காப்புக் கட்டுனீங்களா, பொகவந்தலாவைக்குப் பயந்து கட்டுனீங்களா?"

"அழகு, சத்தம் போடாத."

"நான் இன்னும் சத்தமே போடல."

சண்முகராஜா துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நான் வராட்டி நீங்க ரெண்டு பேரும் போய்ப் பேத்தியப் பாத்துட்டு வருவீங்க. வாயால வரலன்னு சொன்னா நீ ஆயிரம் கேள்வி கேப்ப. ஒன் மகன் என்னய வராதேன்னு சொன்னத எப்படி ஒங்கிட்டச் சொல்றது? காப்புன்னா ஒரு பயலும் ஒண்ணும் கேக்க மாட்டான்னு நெனச்சேன்."

"அம்மன் பேர்ல பொய்யா?"

"நீ மட்டும் ரயில் மாறணும்னு சொன்னியே?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

"ஆமா, சொன்னேன். மகன் மூஞ்சியப் பாக்கறதுக்குச் சொன்னேன். நீங்க மூஞ்சிய மறைக்கறதுக்குச் சொன்னீங்க. எத்தன வருஷம் அந்த சனத்த நான் வாயில வந்தபடி பேசியிருக்கேன்! முறை தெரியாதவங்க, முறை தெரியாதவங்கன்னு! பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

சண்முகராஜா இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். மஞ்சள் கயிறு கன்னத்தில் பட்டு ஒரு கோடு இழுத்தது.

"அங்க போயி என்னன்னு சொல்லுவேன் அழகு? எனக்கு அந்த வார்த்தை வராது. இந்த அறுபது வயசு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"வார்த்தை வராட்டி சும்மா நில்லுங்க. அவங்க நின்னாங்கல்ல."

அவர் காப்புக் கையைத் தூக்கிக் காட்டினார், கடைசியாக ஒரு தடவை. "எல்லைய விட்டு..."

"ராத்திரிதான் தங்கக்கூடாது. பகல்ல நுவரெலியாவுக்கே போகலாமாம், ஆண்டியப்பன் சொல்லிட்டாரு. பொகவந்தலாவை என்ன இத்தாலியிலயா இருக்கு?"

சொல்லிவிட்டு அவள் மேலே ஏறிப் போனாள். பூசையறையிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் துடைத்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்புக் கதலி. சாமி படத்தடியில் வைத்த பூவை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். துக்கச் சேலையை மாற்றி, பாரிசில் உடுத்துவதற்கென்று மடித்து வைத்திருந்த பட்டை எடுத்து உடுத்தினாள். மேசையில் கிடந்த கைடு புத்தகத்தையும் பைக்குள் போட்டாள்.

"அம்மா, அது எதுக்கு?"

"பயணம் போறப்ப கையில இருக்கட்டும்."

"நானும் வர்றேம்மா."

"நீ வேணாம். நீ வந்தா, அதான் ரெண்டு பேர் போறீங்களேன்னு அவரு கடையிலேயே உக்காந்துக்குவாரு."

கடையைக் கடக்கும்போது அவள் நிற்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலை நிமிரவில்லை.

* * *

பொகவந்தலாவை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்த சனம் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்தது. அழகம்மை நடுவில் ஓர் இருக்கை பிடித்து, தாம்பாளத்தைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் கைடு புத்தகத்தை வைத்தாள். பஸ்ஸில் ஒரு கைக்குட்டையை வைத்தாலே அது ஆள் வருகிற இடம். தலையணை தடிமன் புத்தகத்தை வைத்தால் யார் கேட்பது?

ஆனாலும் கேட்டார்கள். நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள், "ஆள் வருதா?" என்றாள்.

"வர்றாரு."

அழகம்மை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பஜார்த் தெரு நெடுகக் குடைகள் விரிந்துவிட்டன. எந்தக் குடைக்குக் கீழேயும் தெரிந்த நடை இல்லை.

ஐந்து நாட்டுக்கு வழி தேடினாளே, எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று விரல் வைத்துப் படித்தாளே! நோர்வூட் தாண்டி இருக்கிற ஒரு லயத்துக்குப் போக அவளுக்கு வழி தெரியாது. சம்பந்தி வீடு எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்றுகூடத் தெரியாது. இறங்கி இராமையா வீடு எது என்று விசாரிக்க வேண்டும். விசாரித்துப் போய் நின்றால் உள்ளே வா என்பார்களோ, இந்தத் தட்டையும் வெளியே வைப்பார்களோ. வைத்தால் வைக்கட்டும், அதைக் கேட்க நமக்கு வாயில்லை என்று நினைத்தாள். கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தான். "அம்மா, எங்க?"

"பொகவந்தலாவை."

அவன் காலி இருக்கையையும் புத்தகத்தையும் பார்த்தான். "எத்தன டிக்கெட்?"

அழகம்மை இன்னொரு தடவை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழை பிடித்துவிட்டது. தெருவே தெரியவில்லை.

"ரெண்டு" என்றாள்.

டிக்கெட் கைக்கு வந்தது. டிரைவர் கியரைப் போட்டான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. நின்றுகொண்டிருந்த அம்மாள் புத்தகத்தையும் அவளையும் மாறி மாறி முறைத்தாள்.

அப்போது பின்னாலிருந்து யாரோ பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டினார்கள். கண்டக்டர் மணியை இழுத்தான். பஸ் நின்றது. ஏறுகிற காலின் பாரத்தில் படி முனகியது.

யார் என்று திரும்பிப் பார்க்க அழகம்மைக்குத் தைரியம் வரவில்லை. கழுத்தைத் திருப்பாமலேயே, பக்கத்து இருக்கையிலிருந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.